பூநாரையின் முழங்காலும் நெட்டையரின் மோட்டார் சைக்கிளும்

இந்திய மோட்டார் சைக்கிள் உலகில் உயரத்தைப் பற்றி எழுப்பப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்; அது "கால் எட்டுமா?" என்பதாகும். ஷோரூமில் வண்டியின் மேல் ஏறி அமர்ந்து, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படிகின்றனவா என்று குனிந்து பார்க்கும் சடங்கை முன்னிட்டே சீட்டின் உயரம், அதாவது தரையிலிருந்து அமருமிடம் வரையிலான அளவு, மில்லிமீட்டர் கணக்கில் அச்சிட்டுத் தரப்படுகிறது. கால் எட்டிய பிறகும் மிச்சமிருக்கும் காலை எங்கே வைப்பது என்பது நெட்டையரின் கேள்வி; அதற்கான கட்டம் அந்தத் தாளில் இல்லை.

நெட்டையர் எனப்படுவோர், பேருந்தின் மேல்கம்பியை நெற்றியால் அடையாளம் காண்பவர்களும், உறவினர் வீட்டு விசேஷங்களில் "பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கானே" என்ற பாராட்டைப் பெற்றபின் பரணிலிருந்து அண்டா இறக்கித் தரப் பணிக்கப்படுபவர்களும் ஆவர். இக்கட்டுரையாளரின் உயரம் ஆறடி மூன்று அங்குலம் என்பதால் இவ்வகைப்பாட்டில் ஐயத்துக்கு இடமில்லை.

நெடும்பயண வண்டியின் வசதியை நிர்ணயிப்பவை மூன்று புள்ளிகள்: கை பற்றும் ஹேண்டில்பார், உடல் அமரும் சீட், பாதம் தாங்கும் ஃபுட்ரெஸ்ட். இவை மூன்றையும் இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்துக்குள் உடலை மடித்து வைப்பதே வண்டி ஓட்டுதல் என்பதால், உடல் நீளும்போது முக்கோணமும் நீண்டாக வேண்டும். ஆனால் அது இரும்பால் ஆனது, நீளாது. எனவே நீண்ட உடல்தான் சுருங்குகிறது. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடைப்பட்ட தூரம் போதாதபோது முழங்கால் செங்கோணத்தையும் தாண்டி மடங்கி, முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் கூடி, சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் மீஞ்சூர் வருவதற்குள் வலி தொடங்கிவிடும்.

வலி மீஞ்சூரில் தொடங்குவதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காட்டுக்குக் கடலோரமாகப் புறப்படுபவர் திருவொற்றியூரைக் கடந்தே மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் போகிறார். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட்டுகளைச் செய்த ஆலை அந்தத் திருவொற்றியூரில்தான் எழுந்தது. அந்த என்ஃபீல்டு வரிசையில் 2016-இல் வந்த ஹிமாலயன் வண்டியின் சீட் 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. 2023-இன் புதிய ஹிமாலயனில் அதை 825-இலிருந்து 845 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆக, நெட்டையருக்கென ஒதுக்கப்பட்ட மானியம் இரண்டு சென்டிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவை ஒத்த இந்தக் கருணையையும் குறைத்து மதிப்பிடலாகாது: முழங்கால் செங்கோணமாக மடங்கும் நிலையில் சீட்டை இவ்வளவு உயர்த்தினாலே சில பாகை விரிவு கிடைக்கும்.

மேலும் விரிவு வேண்டுவோர் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையோ புதுப்பேட்டையையோ நாடிச் சென்று, சீட்டின் ரெக்சினைப் பிரித்து உள்ளே கூடுதல் ஃபோம் வைக்கச் சொல்கின்றனர். விரலால் அழுத்தினால் பஞ்சாக அமுங்கும் ஃபோமே சொகுசானது என்று கருதுவது இங்கே செய்யப்படும் முதல் பிழையாகும். மெத்தென்ற ஃபோம் ஒரு மணி நேரத்தில் சாம்பாரில் ஊறிய வடையைப் போலத் தளர்ந்து, அடியிலுள்ள தகட்டுக்கு உடலை நேரடியாக அறிமுகம் செய்துவைக்கும். நெடும்பயணத்துக்கு உகந்தது கெட்டியான ஃபோமே.

இனி, கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கிய சாமியாரின் கதை தொடங்குகிறது. சீட் உயர்ந்ததும் ஹேண்டில்பார் தாழ்ந்துபோய் முதுகு கூன் விழுவதால், அதை உயர்த்தும் ரைசர் என்ற உலோகத் துண்டுகள் வாங்கப்படுகின்றன. ஹேண்டில்பார் உயர்ந்ததும் கிளட்ச் கேபிள் விறைத்துக்கொள்வதால் நீளமான கேபிள் தேடப்படுகிறது. முதுகு நிமிர்ந்ததும் தலை விண்ட்ஷீல்டுக்கு மேலே எழுந்து, கண்ணாடியின் விளிம்பில் முறிந்து சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து அறைகிறது. இதற்கு உயரமான கண்ணாடி ஒரு தீர்வு. கண்ணாடியையே கழற்றிவிட்டு, சுழலாத காற்றை மார்பில் வாங்கிக்கொள்வது செலவில்லாத மறு தீர்வு. ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்துவதும் உண்டு. அப்போது கியர் லிவரையும் பிரேக் பெடலையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும், வளைவில் வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையை உரசும் வாய்ப்பும் முன்கூட்டியே வரும். பொன்னேரிக்குக் கிழக்கே சமவெளிச் சாலை என்பதால் உரசல் குறைவு.

இவ்வளவு பொறியியலையும் இயல்பாகவே பெற்ற உயிரினம் பழவேற்காட்டு ஏரியில் குளிர்காலந்தோறும் நிற்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆழமற்றது என்பதால், பூநாரையின் கால் நீருக்கேற்ற நீளமும், கழுத்து அந்தக் காலுக்கேற்ற நீளமும் கொண்டிருக்கிறது. பின்னோக்கி மடங்குவதாகக் கரையில் நிற்போர் வியக்கும் அதன் முழங்கால் உண்மையில் கணுக்கால்; மெய்யான முழங்கால் உடலையொட்டிச் சிறகுக்குள் மறைந்திருக்கிறது. அது ஒற்றைக் காலில் நிற்கத் தசையின் உழைப்பு ஏறக்குறையத் தேவையில்லை என்றும், இறந்த பூநாரையைக்கூட அவ்வாறு நிறுத்த முடியும் என்றும் அட்லாண்டா ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினர். வசதி என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் கிடைப்பது அரிது.

நெட்டையைப் பற்றிய பேச்சில் பழவேற்காட்டை ஆண்ட டச்சுக்காரரையும் நினைக்க வேண்டியுள்ளது. 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்ற அவர்களே இன்று உலகின் மிக நெட்டையான மக்களுள் முன்னணியில் இருப்பவர்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் ஐரோப்பாவின் குட்டையர் வரிசையில்தான் இருந்தனர். பழவேற்காட்டை விட்டுப் போன பிறகே வளர்ந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது காரண காரிய முறைப்படி தவறு என்றாலும், இறால் தின்றே இருநூறு ஆண்டுகளைக் கழித்தவர்கள் பால் பக்கம் திரும்பியதும் நீண்டுவிட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

சீட் உயர்ந்து, ஹேண்டில்பார் எழும்பி, கண்ணாடி கழன்று, முழங்கால் விரிந்த நிலையில் இக்கட்டுரையாளர் பழவேற்காட்டு மீன் சந்தையை அடைந்து, வழியை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை அதிலேயே விட்டு, நண்டு விலை கேட்கப் போயிருந்தார். ஐஸ் ஏற்றிவந்த வேன் ஹாரன் அடித்தது. வண்டியை நகர்த்தி உதவ முன்வந்த மீனவ இளைஞர் ஒருவர் அதன்மேல் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, இறங்கி வந்து சொன்னார்: "அண்ணே, கால் எட்டல. நீங்களே எடுத்துடுங்க."