ஒட்டும் துகள்: ராசிங்காபுரத்து பீரோ ஒன்றில் அழகுச் சாதனங்கள் தேங்குவது குறித்து

தேனி மாவட்டம் ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில், பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சூரியனிலிருந்து கிளம்பும் அந்தத் துகள்கள் வினாடிக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஏறக்குறைய 6,500 கோடி என்ற கணக்கில் நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. எதிலும் ஒட்டுவதில்லை. நியூட்ரினோக்களில் சிலவற்றையாவது பிடிக்க 50,000 டன் இரும்பு வேண்டும் என்றார்கள். ஊர் எதிர்த்தது, வழக்கு நடந்தது, மலை இன்றும் முழுசாக நிற்கிறது. அதே மலையடிவாரத்தில் ஒட்டினால் விடாத இன்னொரு துகள், யாருடைய ஆராய்ச்சிக்கும் ஆட்படாமல் கிடக்கிறது. முகப்பவுடர். இதைப் பிடிக்க இரும்பு தேவையில்லை. ஒரு பீரோவைத் திறந்தால் போதும்.

ஆய்வுக்களம் என் மதினி வீட்டு பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தில் கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள், அளவுவாரியாக. நடுத்தட்டில் பவுடர் டப்பாக்கள், மை, நகப்பூச்சு, கிரீம், உடைந்த கிளிப், பல் போன சீப்பு. மலைவேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கள ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: "எடுத்தத எடுத்த எடத்துலயே வச்சிரணும் கொழுந்தனாரே." வேண்டாததைக் கழிப்பது எப்படி என்று ஆராய வந்தவனுக்கு இந்த நிபந்தனை சிறிது நெருக்கடிதான். ஆயினும் அறிவியல் பின்வாங்கவில்லை.

முதலில் முன்னோர் நிலை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கிறாள். குளிக்கும் நீரில் ஊறியவை: துவர் 10, விரை 5, ஓமாலிகை 32. ஆக 47. இன்றைக்குக் கொரியாவிலிருந்து வந்திருக்கும் பத்துப் படி முகப் பராமரிப்பைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கவேண்டும். இது குளியலுக்கு மட்டும். அகிற்புகையும் நகையும் தனிக் கணக்கு. அந்த 32 எவை என்று உரையில் பட்டியலே இருக்கிறது. இலவங்கம், நன்னாரி, கத்தூரி, நெல்லி, தான்றி என்று போகும் அந்த வரிசையில் ஏலமும் உண்டு, நுண்ணேலமும் உண்டு. போடி மலைச்சரிவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நம் சரக்குக்கு அங்கே இரண்டு இடம்.

ஆனால் மாதவியின் வீட்டில் தேக்கம் என்ற பிரச்சினை எழுந்ததாகக் காவியத்தில் குறிப்பு இல்லை. காரணம் எளிது. 47-ம் ஒரே குளியலில் தீர்ந்துவிட்டன. மீதி விழுந்தால்தானே பீரோ வேண்டும்?

இனி இந்நாள் நிலை. விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடுகிறது. போடி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப். அதில் இடம் பிடிக்க வேண்டியவள் சோறாக்கி, தூக்குவாளியில் போட்டு, பிள்ளைகளை எழுப்பிவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் அலங்கார நேரம். முகம் கழுவல், தலைவாரல், உள்ளங்கையில் தட்டிய பவுடர், ஒரு பொட்டு. அதன்மேல் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசுவதையும் அலங்காரத்தில் சேர்ப்பதா என்பதில் இவ்வாய்வுக்குத் தயக்கம் உண்டு. வெயில் தடுப்புக் களிம்பு வேண்டுமா என்ற கேள்வியை ஏலச்செடியே தீர்த்துவிடுகிறது: அதற்கு நேர்வெயில் ஆகாது, மரநிழலில்தான் வளரும். அதன் புண்ணியத்தில் காய் எடுப்பவளுக்கும் நிழல்.

ஆக, அழகுப் பராமரிப்பை எளிமையாக்குங்கள் என்று நகரத்துப் பத்திரிகைகள் சொல்லும் யோசனையை ராசிங்காபுரம் எப்போதோ நிறைவேற்றிவிட்டது. அப்படியிருந்தும் பீரோ நிரம்பி வழிகிறது. இங்கேதான் இவ்வாய்வின் முதல் விதி பிறக்கிறது: சேர்ந்திருக்கும் சாதனங்களின் எடை, அவற்றைப் பூசிக்கொள்ளக் கிடைக்கும் நேரத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். நேரம் இருந்தால் தீரும், தீர்ந்தால் தேங்காது. மாதவிக்கு நாள் முழுவதும் இருந்தது. மதினிக்கு ஜீப் ஹாரன் இருக்கிறது.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு, ஷாம்பு. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அந்தப் பாக்கெட்டைப் பெட்டிக்கடை தோறும் தொங்கவிட்டது. ஒரு குளியலுக்கு ஒன்று, கிழித்தால் காலி. வீட்டுத் தேக்கத்தைத் தீர்க்க இந்த நாட்டில் நடந்த பெரிய கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்லலாம், வாய்க்காலில் மிதக்கும் வெறும் பாக்கெட்டுகளைப் பார்க்காதவரை.

தட்டைத் தோண்டியபோது கிடைத்த அடுக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மேலடுக்கில் குளோ அண்ட் லவ்லி. அதற்குக் கீழே ஃபேர் அண்ட் லவ்லி. 1975-இல் சந்தைக்கு வந்த கிரீம் 2020-இல் பெயர் மாறியது. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் காலவரையறை தயார். அதற்கும் கீழே தகர டப்பா பவுடர், உள்ளே பவுடர் இல்லை, ஊக்கும் சில்லறையும். அடியில் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் வாங்கிய கண்ணாடி வளையல் துண்டுகள். அதற்குக் கீழே விரித்திருந்த பழைய செய்தித்தாளில் போடி மீட்டர்கேஜ் ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அகலப்பாதைக்காக அது நின்றது 2010 கடைசியில். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். கீழடியில் மண்ணுக்குள் கிடைத்த தந்தச் சீப்புக்கு அருங்காட்சியகத்தில் இடம் கொடுக்கிறோம். இதே வைகைப் பள்ளத்தாக்கில், பீரோவுக்குள் கிடைக்கும் சீப்பை மட்டும் எறியச் சொல்கிறோம். இதில் என்ன நியாயம் என்று தொல்லியல் அறிஞர்கள்தான் விளக்க வேண்டும்.

கழிப்பதற்கான முறைகள் இரண்டைப் பரிசோதித்தேன். முதலாவது ஜப்பானிய மேரி கோண்டோ முறை. பொருளைக் கையில் எடு, மனசில் மகிழ்ச்சி பொங்கினால் வை, இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பு. மதினி ஒவ்வொன்றையும் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் பொங்கியது. சில்லறை இருந்த தகர டப்பாவுக்குத்தான் அதிகமாகப் பொங்கியது. மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக மேரி கோண்டோவே 2023-இல் சொல்லிவிட்டதால் இம்முறையை மேலும் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது காலாவதி முறை. டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படமும் அதற்குள் 12 எம் என்றும் போட்டிருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள். திறந்தது எப்போது? "அது பெரியவ சடங்குக்கு ஒடச்சது." சடங்கு எப்போது? "தேர்தலுக்கு முந்தி." எந்தத் தேர்தல் என்பதில் ஆய்வு நின்றது. விளையாட்டை நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன்: கண்ணில் படும் மையும் மஸ்காராவும் மட்டும் ஈவிரக்கம் பார்க்க வேண்டியவை அல்ல. மஸ்காராவுக்குச் சில மாதம்தான் ஆயுள். பழசு கண்ணில் தொற்றைக் கொண்டுவரும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வெளுத்தால் ஒட்டுப் பொட்டை உடனே நிறுத்த வேண்டும், அந்தப் பசையில் உள்ள ஃபீனால் வகை வேதிப்பொருள் சிலர் தோலின் நிறத்தையே எடுத்துவிடும். பெயரில்லாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொடைக்கானலில் பாதரசக் காய்ச்சல்மானி செய்து 2001-இல் மூடப்பட்ட தொழிற்சாலையைத் தொடங்கியதே பவுடர் கம்பெனி ஒன்றுதான்.

இரண்டு முறையும் தோற்றபின், உள்ளூர் முறை ஒன்று கைவசம் இருப்பது நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கத்துப் பெண்கள் ஏலக்காய் தரம் பிரிப்பதில் பேர்போனவர்கள். சல்லடையில் போட்டு எட்டு மில்லிக்கு மேலே ஒரு குவியல், ஏழு மில்லி ஒரு குவியல். வெடித்தது, வெளுத்தது, பூச்சி கடித்துச் சொறி விழுந்தது எல்லாம் விரல் வேகத்தில் தனியாகப் போய்விடும். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு வெளுத்த காய் தப்பாது. அதே கண்ணால் பீரோவைப் பார்க்கச் சொன்னேன். மதினி தரையில் முறத்தை வைத்து உட்கார்ந்தாள். ஒரு நொடியில் மூன்று குவியல். ஆய்வாளர் பூரித்தார். ஆனால் குவியல்களை உற்றுப் பார்த்தபோதுதான் அளவுகோல் வேறு என்று தெரிந்தது. முதல் குவியல் தாய்மாமன் சீரில் வந்தவை. இரண்டாவது கொழுந்தியா, நாத்தனார் வகையில் வந்தவை. மூன்றாவது, மிகச் சிறியது, தானே காசு கொடுத்து வாங்கியவை. கழிப்பதற்குத் தகுதியானது மூன்றாவது மட்டும். அதில் இருந்தது தினமும் பயன்படும் பவுடரும் பொட்டு அட்டையும்.

எனவே இவ்வாய்வின் மையக் கருத்து இதுவே: அந்தத் தட்டில் இருப்பவை முகத்துக்கான பொருள்கள் அல்ல, கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள். சடங்கு வீட்டில் வரிசையாக எடுத்து வரும் தட்டுகளில் சேலைக்கும் பழத்துக்கும் நடுவே சோப்பு, பவுடர், சீப்பு, கண்ணாடி, நகப்பூச்சு எல்லாம் பளபளத் தாளில் சுற்றி வருகின்றன. வீடியோவில் பதிவாகிறது. மொய் நோட்டில் ஏறுகிறது. இதை எறிவது ரசீதைக் கிழிப்பதற்குச் சமம். பசிபிக்கில் டிரோபிரியாண்ட் தீவுக்காரர்கள் சிப்பி மாலைகளை ஒரு திசையிலும் கைவளைகளை எதிர்த் திசையிலும் தீவு தீவாக அனுப்பிக்கொண்டே இருப்பதை மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் எழுதினார். அவற்றை எவரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, எறிவதும் இல்லை. அவர் தேனி மாவட்டத்துக்கு வந்திருந்தால் படகுச் செலவு மிச்சமாகியிருக்கும்.

போகி அன்றும் இதே கதைதான். பழைய பாய் எரிகிறது, துடைப்பம் எரிகிறது, பீரோவின் நடுத்தட்டை யாரும் தொடுவதில்லை.

முடிவில் ஆய்வாளரின் வற்புறுத்தலுக்கு இரங்கி ஒரே ஒரு பொருள் வெளியேற்றப்பட்டது. முதல் குவியலின் பெரிய உருப்படி: கண் இமைக்குப் பூசும் வண்ணங்கள் கட்டம் கட்டமாக அடுக்கிய மேக்கப் செட், சீரில் வந்து அட்டை பிரிக்காதது. மதினி அதைப் புதுத் தாளில் சுற்றி, தேவாரம் ஊரில் ஒரு சடங்கு வீட்டுக்குத் தட்டில் வைத்து அனுப்பினாள். பீரோவின் நடுத்தட்டில் நல்ல இடைவெளி விழுந்தது. முறை வென்றது என்று குறித்துக்கொண்டேன்.

தைப் பொங்கல் கழிந்து மதினியின் இளையவளுக்குக் காது குத்து. சின்னமனூரிலிருந்து வந்த தட்டுகளில் அதே அளவில் ஒரு பெட்டி. மதினி தாளைப் பிரித்தாள், மூடியின் ஓரத்தில் தான் நகத்தால் போட்ட கீறலைத் தடவிப் பார்த்தாள், திறந்து உள்ளே குனிந்தாள்.

"ரோஸ் கலர மட்டும் யாரோ தொட்டுப் பாத்திருக்காக" என்றாள்.