போனுக்கு ஏது பூட்டு?

2024 ஏப்ரல் 17, மாலை 6 மணி. தமிழ்நாட்டில் அனல் பறக்கும் பிரசாரம் ஓய்ந்தது. அடுத்த 48 மணி நேரம் வாக்காளன் நிம்மதியாக யோசிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 126-வது பிரிவு.

ஒலிபெருக்கி அடங்கியது. டாஸ்மாக்குக்குப் பூட்டு. சந்தைக்குப் போன மாட்டு வியாபாரியின் மடியில் 50 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் பறக்கும் படை கணக்குக் கேட்டது. சட்டைப்பையில் இருந்த போனை யாரும் ஏனென்று கேட்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டுப் போட்டால் ஜனநாயகம் தள்ளாடுமாம். விடிய விடிய வாட்ஸ்அப் ஏற்றிக்கொண்டு வந்தவனுக்கு மட்டும் விரலில் மை வைத்து வாழ்த்தி அனுப்புகிறார்கள்.

சமூக ஊடகக் கம்பெனிகளிடம் தேர்தல் ஆணையம் கறாராகத்தான் இருக்கிறது. 2019-ல் அவை ‘தாமாக முன்வந்து’ ஒரு நன்னடத்தை விதியை ஒப்புக்கொண்டன. 126-ஐ மீறிய பதிவு என்று ஆணையம் சொன்னால் 3 மணி நேரத்துக்குள் கவனிப்பார்களாம். தாமாக முன்வந்து! மாட்டு வியாபாரிக்கு இந்தச் சலுகை உண்டா? 3 மணி நேரம் போதும், ஒரு பொய் குடும்பக் குழு, அபார்ட்மென்ட் குழு, பழைய மாணவர் குழு எல்லாம் சுற்றிவிட்டு, அனுப்பியவனுக்கே திரும்பி வந்து சேரும். ஒரு தடவைக்கு 5 பேருக்குத்தான் என்று வாட்ஸ்அப் 2018-ல் வரம்பு வைத்தது. சித்தப்பாவுக்கு என்ன, ஆறாவது ஆளுக்கு மறுபடி ஒரு தட்டு.

மே 30. கடைசிக் கட்டப் பிரசாரமும் ஓய்ந்தது. ஜூன் 1-ல் வாராணசி ஓட்டுப் போட வேண்டும். அதன் வேட்பாளரான பிரதமர் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையில் தியானத்தில் உட்கார்ந்தார். வாயே திறக்கவில்லை. காவி உடையும் ஜபமாலையும் சூரிய வழிபாடும் நாடு முழுக்க ஒவ்வொரு போனிலும் பேசின. காங்கிரஸ் புகார் கொடுத்தது. தனிமைத் தவத்துக்கு இத்தனை கேமரா கோணங்கள் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது பிரசாரம்.

நம் ஊர்க் கட்சிகள் மட்டும் யோக்கியமா? 2018-ல் மறைந்த கருணாநிதியைச் செயற்கை நுண்ணறிவால் எழுப்பி, 2024 ஜனவரியில் மகனைப் பாராட்ட வைத்தார்கள். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரல் எடப்பாடிக்கு ஆதரவு கேட்டது. உயிரோடு இருப்பவர்கள் எப்போது வாயை மூட வேண்டும் என்று சட்டம் நிமிடக் கணக்கில் சொல்கிறது. செத்தவர்களின் பிரசாரம் எந்த மாலை 6 மணிக்கு ஓயும் என்று 126-ல் ஒரு வரிகூடக் கிடையாது.