சுருதி ஏறிய கச்சேரி

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் ஒலிப்பதிவு செய்த ஒரு மணி நேரக் கச்சேரியை வீடியோ எடிட்டிங் மென்பொருளில் சேர்த்தால், பாகவதர் குரல் கீச்சென்று ஒலித்து, 55 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறதே, ஏன்? (வாசகர், உறையூர்)

பதில்: பாகவதர் மீது தோஷமில்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான நாதத்தை 48,000 என்று கருதி மென்பொருள் வாசிக்கும்போது, வேகம் நூற்றுக்கு ஒன்பது பங்களவு மிகுந்து, ஒரு கட்டையில் பாடியவரும் ஒன்றரைக் கட்டைக்கு மேல் ஏறி, மங்களமும் ஐந்து நிமிஷம் முந்திவிடுவது தவிர்க்கவியலாத காரியம். நீளத்தை மட்டும் இழுக்கும் வசதியை நாடினால் காலம் சரியாகும். ஏறிய சுருதியோ இறங்காது. ஆகவே, ஆடாசிட்டி என்னும் ஒலித் திருத்த மென்பொருளில் தடத்தின் மாதிரி விகிதத்தை 44,100 என்று திருத்தி, 48,000-க்கு மாற்றிச் சேமித்து, பிறகு படத்தோடு சேர்த்து, தாளம் போடும் கையைப் பார்த்தபடி முதலிலும் முடிவிலும் ஒத்துப் பாருங்கள். மூலப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.