எட்டாயிரம் சுற்று

ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் விட்டு வரும் கூட்டத்தில் இவரைத் தனியாக அடையாளம் காண முடியாது. எல்லாரையும் போல நீலச் சட்டை, சேஃப்டி ஷூ, கழுத்தில் கம்பெனி அட்டை. டீக்கடையில் உட்கார்ந்த பிறகு கையைப் பாருங்கள். கட்டைவிரல் தானாக மேசை விளிம்பைத் தடவும். என்ன மரம், மேல் பூச்சு பாலியா நைட்ரோவா என்று ஒரு விசாரணை நடக்கும். மேசை சன்மைக்கா என்று தெரிந்ததும் முகம் லேசாக வாடும். அவர்தான் விண்டேஜ்காரர். பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களை வைத்திருப்பவர். வாசிப்பவர் என்று நான் சொல்லவில்லை.

இந்த இனம் இந்த எல்லையோரத்தில் முளைத்ததில் ஆச்சரியமில்லை. வடக்கே நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே ராக் இசைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் உண்டு. கிழக்கே போனால் கோலார் தங்கவயல். இன்னும் கொஞ்சம் தெற்கே ஜோலார்பேட்டை ரயில்வே காலனி. இரண்டு இடத்திலும் ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. சனிக்கிழமை டான்ஸ் இருந்தது. டான்ஸ் இருந்தால் கிட்டார் இருந்தே தீரும். தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடிவிட்டது. ஆனால் அங்கே ஏதோ ஒரு பங்களாவில் கட்டிலுக்கடியில் 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது என்ற வதந்தியை மூட யாராலும் முடியவில்லை. விண்டேஜ்காரர் வாரவிடுமுறையில் பைக்கை எடுத்துக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் போவார். மாலையில் ஒரு கிவ்ஸனோடு திரும்புவார்.

கிவ்ஸன் தெரியுமல்லவா? கொல்கத்தா தயாரிப்பு. வெளிநாட்டுக் கிட்டார் கண்ணில் படாத காலத்தில் தமிழ்நாட்டுத் திருவிழா மேடைகளையும் சர்ச் பாடகர் குழுக்களையும் தூக்கிச் சுமந்தது இதுவும், ஹாப்னர், கிப்டோன் போன்ற அதன் சொந்தக்காரர்களும்தான். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பென்சிலே நுழையும். அழுத்திப் பழகியவர்களின் விரல் நுனி காய்த்துப்போய், பிற்காலத்தில் சூடான தோசைக்கல்லைக்கூடத் தொட முடிந்தது. அன்றைக்கு இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவர்கள், இன்று அதை மடியில் வைத்துக்கொண்டு “இந்த மாதிரி இப்ப யாரு சார் பண்றாங்க” என்கிறார்கள். நல்லவேளை, யாரும் பண்ணுவதில்லை.

இவருடைய வேலையைச் சொன்னால்தான் வேடிக்கை புரியும். டூல்ரூமில் தரக்கட்டுப்பாடு. மைக்ரோமீட்டர்தான் ஆறாவது விரல். வரைபடத்தில் இருப்பதைவிட இருபது மைக்ரான் கூடியிருந்தால் மொத்த லாட்டையும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவார். சப்ளையர் கண்ணீர் விட்டாலும் இரங்கமாட்டார். அதே மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 1970-களின் அமெரிக்கக் கிட்டார் ஒன்றின் கழுத்து உடலோடு சேரும் இடத்தைக் காட்டி உருகுவார். அந்தக் காலத்தில் நான்கு திருகாணிக்குப் பதில் மூன்று போட்டார்கள். இடுக்கில் விசிட்டிங் கார்டு போகும். கழுத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடும். “பார்த்தீங்களா, எவ்வளவு கேரக்டர்!” பகலில் இவரிடம் இந்தக் கேரக்டரைக் கொண்டுவந்த சப்ளையர் இன்னும் பேமென்டுக்கு அலைகிறார்.

சரித்திரம் இவருக்கு கி.மு., கி.பி. என்று பிரிவதில்லை. லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவாக விற்றார். அதற்கு முன் செய்தது சி.மு.; தங்கம். பின் செய்தது சி.பி.; பரவாயில்லை ரகம். 1964 டிசம்பரில் திருகிய திருகாணிக்கும் 1965 பிப்ரவரியில் திருகிய திருகாணிக்கும், அதே தொழிலாளி அதே ஸ்க்ரூட்ரைவரால் திருகியிருந்தாலும், இவர் காதில் வேறு வேறு சத்தம் கேட்கும்.

லியோவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1950-ல் கட்டைப்பலகை போன்ற உடலில் கழுத்தைத் தனியாகச் செய்து திருகி முடுக்கி, கிட்டாரைத் தொழிற்சாலைச் சரக்காக மாற்றினார். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இதில் விண்டேஜ்காரருக்குப் பிடித்த சேதி வேறு. உலகத்தின் பாதி கிட்டார்காரர்கள் கையில் இருக்கும் கருவியைச் செய்த லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. யாராவது “ஒரு பாட்டு வாசிங்களேன்” என்றால் இவர் உடனே லியோவை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்ஸன் பக்கம் போனால் இன்னொரு கூத்து. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பழைய ஒற்றைக் காயில் பிக்அப்புகள் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். பக்கத்து வீட்டில் போர்வெல் மோட்டார் போட்டால் கிட்டார் உறுமும். சேத் லவர் என்பவர் இரண்டு காயில்களை எதிரெதிராக வைத்து அந்த இரைச்சலை ஒழித்தார். 1955-ல் காப்புரிமைக்கு மனு போட்டார்கள். பிக்அப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 1959-ல் உரிமை கிடைத்தே விட்டது. ஆனாலும் ஸ்டிக்கர் தீரவில்லையோ என்னவோ, 1962 வரைக்கும் ஒட்டினார்கள். இன்று அந்தத் துண்டுக் காகிதம் ஒட்டிய பிக்அப்புக்கு ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்குகிற விலை. நம் தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு விண்ணப்பித்த ரசீது எத்தனை வீட்டுப் பீரோக்களில் இருக்கிறது! ஒருவராவது விலை கேட்டிருக்கிறாரா?

அந்த விலைக்குப் பழைய பிக்அப் வாங்க வசதி இல்லாததால் தானே சுற்றிவிடுவது என்று ஒருமுறை முடிவெடுத்தார். ஓசூரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்கா பஞ்சம்? ஒரு ரீவைண்டிங் கடைக்குப் போனார்.

“எத்தனை ஹெச்பி சார்?”

“ஹெச்பி இல்லண்ணா. எட்டாயிரம் சுத்து வேணும். நாப்பத்திரெண்டு கேஜ்.”

கடைக்காரர் நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பியை எடுத்தார். விண்டேஜ்காரர் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். அளந்தார். பதறினார். நம் கடைகளில் நாற்பத்திரண்டு என்றால் பிரிட்டிஷ் கணக்கு, பூஜ்யம் புள்ளி ஒன்று மில்லி. அவர் கேட்டது அமெரிக்கக் கணக்கு, அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. தலைமுடியைத் தேடுவது போலத் தேட வேண்டும். கடைசியில் நாற்பத்தாறாம் நம்பரில் சமாதானம் ஆனது.

கடைக்காரர் கம்பியை மாட்டி, சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாக, வரிக்கு மேல் வரியாக, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாகச் சுற்ற ஆரம்பித்தார். முப்பது வருஷக் கை. விண்டேஜ்காரர் அதைத் தடுத்தார்.

“இவ்ளோ நீட்டா வேணாம்ணா. தாறுமாறா சுத்துங்க.”

“என்ன சார்?”

“அங்கயும் இங்கயும் போகணும். ஒழுங்கு இருக்கக் கூடாது.”

இதற்குச் சாஸ்திரம் இருக்கிறது. கம்பிகள் ஒட்டி ஒட்டிப் படிந்தால் காயிலுக்குள் மின்தேக்கம் கூடி, ஓசையின் மேல்பகுதி மழுங்கும். கலைத்துச் சுற்றினால் சத்தம் பளிச்சென்று வரும். ஐம்பதுகளில் ஃபெண்டர் தொழிற்சாலையில் கையால் கம்பியை ஓட்டிச் சுற்றிய பெண்களின் காயில்கள் அப்படித்தான் அமைந்தன. கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “டேய், நேத்துச் சேர்ந்த பையன் எங்க? வந்து இந்த சாருக்குச் சுத்திக் கொடு.” அந்தப் பிக்அப்தான் இன்றைக்கும் அவரிடம் இருப்பதிலேயே நன்றாகப் பேசுவது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் ரோட்டில் இவர் வீட்டு மொட்டைமாடியில் சபை கூடும். வீட்டில் தெலுங்கு, வந்தவர்களிடம் தமிழ், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வரும் சாஃப்ட்வேர் தம்பியிடம் கன்னடம், கிட்டாரிடம் மட்டும் ஆங்கிலம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவர் எழுபதுகளின் ஜப்பான் கிட்டாரோடு வருவார். கிப்ஸனை அச்சாகப் பார்த்துச் செய்து, 1977-ல் அமெரிக்காவில் வழக்குக்கு ஆளான ஜாதி அது. வழக்கு ஐபனீஸ் சரக்கை அங்கே விற்ற கம்பெனி மேல்தான். ஆனால் அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கேஸில் தன் கிட்டார்தான் முதல் குற்றவாளி என்று பெருமைப்படுவார்கள்.

சாஃப்ட்வேர் தம்பி கொண்டுவருவது வேறு மாதிரி. புத்தம் புதுக் கிட்டார்; ஆனால் பெயின்ட் உரிந்து, மூலை நசுங்கி, ஆணி துருப்பிடித்து, லாரிக்கடியில் விழுந்தது போல இருக்கும். கம்பெனியே அப்படிச் செய்து தருகிறது. ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 1995-லிருந்து இந்த வியாபாரத்தில் இருக்கிறது. அடி வாங்க வாங்க விலை ஏறும். புது பைக் சீட்டின் பாலிதீன் உறையை அது தானாகக் கிழிந்து பறக்கும்வரை எடுக்காத ஊர் இது. டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு ரப்பர் பேண்ட் போடுகிற வீடுகள். “குரு, எங்க லைன்ல ஒரு கீறல் விழுந்தா டெஸ்பாட்ச்சே ஆகாது. நீ கீறலுக்குத் தனியா காசு கொடுத்திருக்க?” என்று விண்டேஜ்காரர் கேட்பார். பொறாமையில்தான்.

இந்தச் சபைக்கு மத்திகிரியிலிருந்து ஒருவர் வருவார். சர்ச்சில் வாசிப்பவர், பண்டிகைக் காலத்தில் மெல்லிசைக் குழுவுக்கும் போவார். அவரிடம் இருப்பது சைனா கிட்டார். அதைப் பையிலிருந்து எடுக்கும்போது சபையில் ஒரு கனத்த மரியாதை நிலவும். சாவு வீட்டில் கடன்காரன் நுழைந்த மரியாதை. ஆனால் அவர் இல்லாமல் சபை நடக்காது. மொத்தக் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொருவரும் தன் பொக்கிஷத்தை அவர் கையில் கொடுப்பார்கள். அவர் வாசிப்பார். எல்லாரும் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். முடித்ததும் “ஆஹா, என்ன மரம்!” என்பார் ஒருவர். “மேக்னட்டு அல்னிகோ அஞ்சு, அதான்” என்பார் இன்னொருவர். “பிரதர், கம்பியைத் துடைச்சுட்டுக் கொடுங்க” என்பார் சொந்தக்காரர். மத்திகிரிக்காரர் சிரித்துக்கொண்டே துடைத்துக் கொடுத்துவிட்டு, தன் சைனாவை எடுத்துக்கொண்டு பதினொரு மணி ஆராதனைக்குப் போய்விடுவார்.

பெங்களூரில் வாங்கிய சரக்கோடு எல்லை தாண்டி வருவது தனிப் பரீட்சை. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்கு வந்தால் நீளப் பெட்டியைப் பார்த்து நிறுத்துவார்கள். கர்நாடகச் சரக்கு கடத்தப்படும் சாலை அல்லவா?

“பெட்டியில என்ன தம்பி?”

“விண்டேஜ் சார். எழுபத்தாறு.”

சொன்ன பிறகுதான் தப்பு புரியும். பெட்டி திறக்கப்படும். பாட்டில் இல்லை. காவலர் முகத்தில் ஏமாற்றம். ஆனால் ஃப்ரெட் பலகையைத் தொட்டுப் பார்த்து, “இது நம்ம ஈட்டி மரமாட்டம் இருக்கே” என்றார் ஒருமுறை. அவர் கூடலூர்ப் பக்கத்துக்காரர். சரியாகத்தான் சொன்னார். அறுபதுகளின் பாதிக்குப் பிறகு அமெரிக்கக் கிட்டார்களில் பலவற்றின் பலகை, இந்தியாவிலிருந்து போன ஈட்டிதான். 2017-ல் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான உலக ஒப்பந்தம் ஈட்டி இனம் முழுவதையும் பட்டியலில் போட்டு, கிட்டார் பார்சலுக்கெல்லாம் காகிதம் கேட்டது. பிறகு 2019-ல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். விண்டேஜ்காரர் இதையெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று விளக்கினார். காவலர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் சரி. ‘இளைய நிலா’ வாசி, கேப்போம்.”

‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தது 1982-ல். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் கிட்டார் பெட்டியோடு பிடிபடும் எவரும் தாண்டவேண்டிய செக்போஸ்ட் அது. விண்டேஜ்காரர் லியோ ஃபெண்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஜூஜூவாடியில் அவருக்குச் செல்வாக்கு இல்லை. ஆரம்பத் தந்தி வரிசையில் முதல் கால்வாசி வந்தது. மிச்சத்தைக் காவலரே வாயால் வாசித்து முடித்தார்.

ஆயுத பூஜை அன்று ஓசூரில் லேத்திலிருந்து லாரிவரை பொட்டு வைக்காத இரும்பு கிடையாது. விண்டேஜ்காரர் வீட்டில் அன்றைக்குத்தான் கிட்டார்கள் எல்லாம் பெட்டியை விட்டு வெளியே வரும். அவருக்கு வயிற்றைக் கலக்கும். நைட்ரோ பூச்சு என்பது பழைய கார் பெயின்ட் வகை. ஸ்டாண்டின் ரப்பர் பட்டாலே இளகிக் கறை பிடிக்கும். ஈரச் சந்தனம் பட்டால் என்ன ஆகும்?

“என்னங்க, இதை எங்க வைக்க? சரஸ்வதி படத்துக்கிட்டயா, டூல்ஸ்கிட்டயா?” என்று மனைவி கேட்டார்.

“இது வாத்தியம்மா. சரஸ்வதிகிட்ட வை.”

“நீங்க ஸ்க்ரூட்ரைவரைத் தவிர எதையும் இதுமேல வெச்சு நான் பாத்ததில்லையே. டூல்ஸ்கிட்டயே வைக்கிறேன்.”

வைத்தார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் 1976-ன் நெஞ்சில் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் இறங்கியிருந்தன. துடைத்தார், மெழுகு போட்டார், மைக்ரோஃபைபர் துணி வாங்கி வந்து தேய்த்தார். சந்தனம் போய்விட்டது. குங்குமம் பூச்சுக்குள்ளே இறங்கி, விளிம்பில் மங்கலாய், நடுவில் செம்பழுப்பாய் நின்றுவிட்டது. ஒரு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை.

அடுத்த சபையில் சாஃப்ட்வேர் தம்பிதான் பார்த்தான். குனிந்தான். மொபைல் டார்ச்சைப் போட்டான்.

“குரு, இந்த மார்க் ஒரிஜினலா? இது மாதிரி ஃபேக் பண்ணவே முடியாது. கொடுக்கறதா இருந்தா, போன தடவை சொன்னதுக்கு மேல இருபதாயிரம் தரேன்.”

விண்டேஜ்காரர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து, கறையின் விட்டத்தை இரண்டு பக்கமும் அளந்தார். பதினான்கு மில்லி. நல்ல வட்டம், டாலரன்ஸுக்குள்ளேயே இருந்தது.

காபித் தட்டோடு மாடியேறி வந்த மனைவி காதில் இருபதாயிரம் விழுந்துவிட்டது. “மீதி அஞ்சையும் கீழ கொண்டாங்க” என்றார். “சந்தனம் அரைச்சு வைக்கிறேன்.”