சுத்தமான ஒரிஜினல்

போன செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு, திண்டிவனம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓர் இளநீர்க் கடைக்கு எதிரே என் பஜேரோ ஆவி கக்கிக்கொண்டு நின்றது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிழிந்துவிட்டது. மாட்டி 9 நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருந்தது 22 வருஷம் உழைத்த ஹோஸ். வயதாகிவிட்டதே, வழியில் காலை வாரிவிடக் கூடாதே என்று முன்யோசனையோடு அதைக் கழற்றச் சொன்னவன் நான்தான்.

டெம்பரேச்சர் முள் ஏறியதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலைக்கு டேஷ்போர்டின் மேலே இருக்கும் சாய்வுமானியைக் காட்டிக்கொண்டிருந்தேன். மலைச்சரிவில் வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. ஜி.எஸ்.டி. ரோட்டில் அது பூஜ்யம் காட்டியது. சகலை மரியாதைக்கு "ஓஹோ" என்றார். போன வருஷம் எலெக்ட்ரிக் கார் வாங்கியவர் அவர். இளநீரை உறிஞ்சிக்கொண்டே, "நம்ம வண்டியில இந்தத் தண்ணி ஊத்துற தொல்லையே கிடையாது சகலை" என்றார். அதிலும் கூலன்ட் உண்டு. நான் சொல்லவில்லை. ஒருநாள் அவராகவே தெரிந்துகொள்ளட்டும்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது ஸ்நார்க்கல் பற்றி. பழைய டீசல் வண்டிக்கு அதை மாட்டுவதில் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று சொந்த அனுபவத்திலிருந்து ஒரு தீர்ப்பு சொல்ல நினைத்தேன். சொல்கிறேன். முதலில் இந்த ஹோஸ் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

கடையில் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினலா?" நாம் யாரும் இதைக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை. "இல்ல சார், டூப்ளிகேட்" என்று இன்றுவரை யாரும் பதில் சொன்னதுமில்லை. தெரிந்தேதான் கேட்கிறோம். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் அர்ச்சகர் நட்சத்திரம் கேட்பது மாதிரி, அது ஒரு சம்பிரதாயம்.

ஆனால் ஒரிஜினலில் எத்தனை ரகம் என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. ஜி.பி. ரோட்டில் வெறும் 'ஒரிஜினல்' என்றால் பொருள் புதுசு, அவ்வளவுதான். 'கம்பெனி ஒரிஜினல்' என்றால் ஏதோ ஒரு கம்பெனி செய்தது; எந்தக் கம்பெனி என்று கேட்பது நாகரிகமில்லை. 'ஜப்பான் ஒரிஜினல்' என்றால் அட்டைப்பெட்டி மேல் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து இருக்கும். 'தைவான் ஒரிஜினல்' என்பவர் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர். 'டெல்லி ஒரிஜினல்' என்பது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லப்படுவது. 'பக்கா ஒரிஜினல்' என்றால் சந்தேகப்படலாம். 'சத்தியமா ஒரிஜினல்' என்றால் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். புதுப்பேட்டைப் பக்கம் போனால் 'வண்டியில கழட்டின ஒரிஜினல்' கிடைக்கும். அகராதிப்படி பார்த்தால் அது ஒன்றுதான் ஒரிஜினல். எந்த வண்டியில் கழற்றியது, அந்த வண்டிக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்றெல்லாம் யோசிக்காமல் இருந்தால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால் இன்னொன்று உண்டு. துரியத்துக்கு மேல் துரியாதீதம் என்பார்களே, அந்த நிலை. கடைக்காரர் நான் கேட்ட கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரிஜினலுக்கும் மேல சார்" என்றார். வாங்கிவிட்டேன்.

மெக்கானிக் பாய் அதை நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "ஒரிஜினல் மாதிரியே இருக்கு சார்" என்றார். அந்த ஏகாரத்தை நான் கவனித்திருக்க வேண்டும். தேற்ற ஏகாரம், பிரிநிலை ஏகாரம் என்று பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் படித்தோம். ஏமாற்ற ஏகாரம் என்று ஒன்று இருப்பதை எந்தத் தமிழய்யாவும் சொல்லவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வண்டி பிறந்த ஊர் திருவள்ளூர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002 முதல் அங்கே வைத்துத்தான் பஜேரோவைப் பூட்டி விற்றது. 2.8 லிட்டர் டர்போ டீசல். கணக்காகச் சொன்னால் 2,835 சி.சி. சென்ட்ரலில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. ஆகவே திருவள்ளூர் வண்டியின் ஃபேன் கிளட்ச் ஷார்ஜாவிலிருந்து மச்சான் பெட்டியில் வருகிறது. சாக்லேட்டுக்காகப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அன்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது 2022 ஏப்ரலில். அதைக்கூட முணுமுணுக்காமல் கட்டினேன். ஹோஸுக்குத்தான் ஆறவில்லை.

சரி, ஸ்நார்க்கல். உங்கள் வண்டியிலும் இதே கதைதானே: ஆயில் சீல் கசியும், அரை நாள் வேலை, ஆறு மாதம் தள்ளிப்போடுவோம். எல்.இ.டி. விளக்கு பார்சலில் வந்தால் அன்று இரவே மாட்டுவோம். நான் கூரைமேல் கேரியர் போட்டேன். அதிலிருந்து வண்டி எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுக்குள் நுழைவதில்லை, தெருவில் தூங்குகிறது. பட்டை பட்டையான பெரிய டயர் போட்டேன். அதிலிருந்து அம்மா ஏறுவதற்கு டிக்கியில் ஒரு முக்காலி வருகிறது. டக்கார் ராலியை 12 முறை, அதிலும் 2001 முதல் 2007 வரை இடைவிடாமல் ஜெயித்த பெயர் பஜேரோ. கோவளம் மணலில் நான் ஓட்டிய லட்சணத்தில் வண்டி புதைந்தபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த நான்கு பேர் வந்து தள்ளினார்கள். "இதுல எல்லாம் நாலு சக்கரமும் சுத்தும்னு சொல்வாங்களே" என்றார் ஒருவர். சுற்றும். அதற்கென்று இருக்கும் குட்டி லிவரைப் போட மறந்துவிட்டேன்.

ஸ்நார்க்கலின் தத்துவம் எளிது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. வெளியே நனைந்தால் அது பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. மூச்சில் மட்டும் தண்ணீர் ஏறக் கூடாது. தண்ணீர் காற்றைப்போல அமுங்காது. பிஸ்டன் அதை அமுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் மூக்கைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைப்பது. 2024 அக்டோபரில் பெருமழை என்று சொன்னார்கள். தூக்கிய மூக்கோடு அன்று சாயங்காலமே கிளம்பினேன். எங்கே? வேளச்சேரி மேம்பாலத்துக்கு. ஊரில் உள்ள ஆல்ட்டோ, வேகன் ஆர் எல்லாம் எனக்கு முன்னாலேயே அங்கே இடம் பிடித்திருந்தன. பின்னே, உள்ளே கார்ப்பெட் நனைந்தால் யார் காயவைப்பது? இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஸ்நார்க்கல் விஷயத்தில் என் முடிவு என்னவென்றால்... இருங்கள், வண்டி இன்னும் திண்டிவனத்துக்கு வெளியே நிற்கிறது.

இளநீர்க்காரர் ஒரு டிராக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். இருபது வயதுப் பையன், கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும். வண்டி சூடு ஆறட்டும் என்று அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். அதிலேயே அவன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பிறகு டிக்கியைத் திறந்து பார்த்தான். முக்காலிக்குக் கீழே, தூக்கிப்போட மனசு வராமல் நான் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய ஹோஸ் கிடந்தது. அதை எடுத்து வளைத்துப் பார்த்தான்.

"இது நல்லாத்தானே இருக்கு. ஏன்ணா கழட்டுனீங்க?"

சகலை என் பதிலுக்காக ஆவலோடு திரும்பினார். நான் தண்ணீர் கேன் வாங்கப் போய்விட்டேன்.

அதே பழைய ஹோஸ்தான் இப்போது வண்டியில் இருக்கிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் அதற்கு வயது 22. உங்களில் யாரிடமாவது 2.8 டீசலுக்கான மேல் ஹோஸ் ஒன்று உபரியாக இருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள், விலை பேசிக்கொள்ளலாம். ஒரிஜினல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.