ஞாபகசக்தி மிக்க தாய்

இத்தாலியைப் போல ஞாபகசக்தி உள்ள தாயை நான் கண்டதில்லை. 1880களில் ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலேறி புவெனஸ் ஐரெஸுக்குப் போன ஓர் உழவனை அவள் மறக்கவே இல்லை. அவனுடைய பேரனின் பேரன், இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவன், பழைய தேவாலயப் பதிவுகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டுவந்து வம்சத்தொடர்பை நிரூபித்தால் போதுமாக இருந்தது. "நீ பிறந்த அன்றே என் பிள்ளை" என்று வாரி அணைத்துக்கொண்டாள். தலைமுறைக்கு எல்லை வைக்கவில்லை. 2025 மார்ச்சில்தான் அந்த அணைப்பைப் பெற்றோர், பாட்டன் பாட்டி வரை என்று சுருக்கினார்கள். கடல்கடந்த பிள்ளைகளின் சொல்லுக்கும் அவள் சபையில் இடமுண்டு. நாடாளுமன்றத்தில் எட்டுப் பிரதிநிதிகளையும் நான்கு செனட்டர்களையும் வெளிநாட்டில் வாழும் குடிமக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயிரம் காத தூரத்தில் இருப்பவனையும் பிள்ளை என்று எண்ணும் மனம் எத்தனை தாய்மாருக்கு வாய்க்கும்?

தூரத்தில் உள்ளது அவ்வளவு துலக்கமாகத் தெரிகிற கண்ணுக்கு மடியில் கிடக்கும் பிள்ளை மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வெள்ளெழுத்து விழுந்த கண் அது. 1992ஆம் ஆண்டின் 91ஆம் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த குழந்தை பதினெட்டு வயது வரை இடைவிடாமல் அங்கேயே வாழ வேண்டும். பிறகு பத்தொன்பது நிறைவதற்குள், நான் இத்தாலியன் ஆக விரும்புகிறேன் என்று அறிவிக்க வேண்டும். பலெர்மோவில் பிறந்து இத்தாலியக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த கால்பந்து வீரர் மாரியோ பலோடெல்லி, பதினெட்டு நிரம்பிய மறுநாள், 2008 ஆகஸ்ட் 13 அன்றுதான் இத்தாலியர் ஆனார். நான்கு ஆண்டு கழித்து யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக அவர் இரண்டு கோல் போட்டபோது, நாடே அவரைத் தன் பிள்ளை என்றது. கோல் போடத் தெரியாத பிள்ளைகளும் அதே பதினெட்டு வருடத்தைக் காத்துத்தான் கழிக்கிறார்கள்.

பொறுமையைக் கற்றுத்தருவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்குப் பத்து வருட சட்டபூர்வ வதிவு வேண்டும். விண்ணப்பிக்க 250 யூரோ, தனியாளுக்கு ஆண்டு வருமானம் 8,263.31 யூரோ. சதம் வரை எண்ணிப் பார்க்கும் அந்த நேர்த்தியைக் கவனியுங்கள். வீட்டுவேலை செய்பவர்களுக்குப் பதிவில் காட்டும் மணிக்கணக்கு, செய்த மணிக்கணக்கைவிடக் குறைவாக இருப்பது வழக்கம் என்பதால், அந்த முப்பத்தொரு சதம்கூட அவர்களுக்கு மலைதான்.

எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் 1999இல் பலெர்மோ வந்தவர். பகலில் மூன்று வீடுகளில் துப்புரவு, இரவில் படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டிக்குத் துணை. தன் தாய்க்குச் செய்யக் கொடுத்துவைக்காத அத்தனையும் அந்த மூதாட்டிக்குச் செய்தார். செப்டம்பரில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு, பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலோடு ஏறுவார். 2014இல் விண்ணப்பம் போட்டார். இரண்டு ஆண்டில் பதில் வர வேண்டும் என்றது சட்டம். நான்கு ஆண்டு ஆயிற்று. நகரமண்டபத்தில் சத்தியப்பிரமாணத்துக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோது, அவர் முதலில் பார்த்தது மகனின் பிறந்த தேதியை.

பெற்றோர் குடியுரிமை பெறும் நாளில் பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளை கூட வாழ்ந்தால், அதற்கும் குடியுரிமை தானாக வந்துவிடும் என்றது அன்றைய சட்டம். மகனுக்குப் பதினெட்டாகி மூன்று வாரம் கடந்திருந்தது. "மூண்டு கிழமை தம்பி, மூண்டே மூண்டு கிழமை" என்று அக்கா விரலை மடக்கிக் காட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு ஒரு காலணிப் பெட்டியைக் கீழே இறக்கினார். முதல் தடுப்பூசி அட்டை, பாலர் பள்ளியின் சாப்பாட்டு ரசீது, வகுப்பு வகுப்பாய்த் தேர்ச்சி அறிக்கை. பிறந்த ஊரிலேயே வளர்ந்தான் என்று நிரூபிக்க அத்தனையும் வேண்டியிருந்தது. மகனுக்கு அது தனியாக ஓர் அறிவிப்பு, தனியாக ஒரு காத்திருப்பு.

மக்களின் கருத்தைக் கேட்காமல் இத்தாலி எதையும் செய்வதில்லை. அந்தப் பத்து வருட வதிவை ஐந்தாகக் குறைக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு வைத்தது. பாதிக்கு மேல் வாக்காளர்கள் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் சுமார் முப்பது சதவீதம். புவெனஸ் ஐரெஸில் இருக்கும் எள்ளுப்பேரனுக்கு அன்று தபால்வாக்கு இருந்தது. யாரைப் பற்றிய கேள்வியோ, பலெர்மோவில் காத்திருக்கும் அவர்களுக்கு இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய கொடையை இனித்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பிழைக்கப்போகும் வலி இத்தாலிக்குத் தெரியும். 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் மாண்ட 262 பேரில் 136 பேர் இத்தாலியர். மறுவருடம் ரோமின் காம்பிதோலியோ குன்றில் ஐரோப்பாவின் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, தொழிலாளர்கள் எல்லை தாண்டி வேலை செய்யும் உரிமைக்காக விடாமல் வாதாடியது இத்தாலிதான். தெற்கத்திய ஏழைகளுக்காகக் கேட்டுவாங்கிய அந்த உரிமை இன்று ஒவ்வொரு இத்தாலியப் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. காத்திருந்து காத்திருந்து அதைக் கையில் வாங்கியவர்கள், சட்டம் குறித்த குறைந்தபட்ச ஊதியமே இல்லாத நாட்டில் நின்று சுற்றிலும் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் 2015 முதல் அது உண்டு. பிரெக்ஸிட்டுக்கு முன் இலண்டன் இருந்தது. பாரிஸிலும் சூரிச்சிலும் உறவுகள் இருக்கிறார்கள். இருபது வருடம் வளர்த்து, படிக்கவைத்து, மொழியும் தொழிலும் கற்பித்த பிள்ளைகளை, அவர்கள் வேலைக்குத் தயாரான அன்றே அயல்நாட்டுக்குத் தாரை வார்க்கிறாள் இத்தாலி. குழந்தைப் பிறப்பு குறைந்து, முதியோர் பெருகி, பலெர்மோவின் மாடிகளில் ஒவ்வொரு வீடாகக் கதவடைபடும் காலத்தில், இவ்வளவு கொடுக்க ஒரு பெரிய மனம் வேண்டும்.

அக்காவின் மகனும் போய்விட்டான். ஷ்டுட்கார்ட்டில் ஒரு பட்டறையில் வேலை. போன மாதம் அம்மாவோடு பேசும்போது சொன்னானாம், அங்கே கூட வேலை செய்பவர்கள் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, "இத்தாலியன்" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று நினைத்து அவன் திரும்பிப் பார்க்கவில்லை.