ஊசிக்குக் குடி பார்க்கும் முறை

1848 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்பு வாவியிலே தோணியேறிப் பாடும் மீன்களைக் கேட்கப் போன காலனிச் செயலாளர் எமர்சன் தெனன்ட் துரை, நீருக்குள்ளிருந்து எழுந்த அந்தச் சன்னமான நாதம் ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல் இருந்ததென்றும், தோணிப் பலகையில் காதை வைத்தபோது மிகவும் வலுத்ததென்றும் 1859 இல் வெளியான தமது நூலில் எழுதிவைத்தார். அவர் பலகையில் காது வைத்த அந்தக் கணத்திலேயே முன்பெருக்கி என்னும் உபகரணம் ஈழநாட்டில் அவதரித்துவிட்டது என்பது அடியேன் துணிபு. மறுப்போர் பனிச்சங்கேணிக்கு வந்து என் இசைத்தட்டுப் பெட்டியின் முன்னே ஓரிரவு குந்தியிருக்கக் கடவர்.

தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி, தன் தலைக்குள்ளே சிறு காந்தமொன்றை அசைத்தால் நாலைந்து மில்லிவோல்ற்று பிறக்கும்; காந்தத்தை நிறுத்திச் சுருளை அசைப்பதாயின், பாரம் கூடாதென்று கம்பியைச் சில சுற்றுகளோடு முடித்துவிடுவதால், பிறப்பது அதில் பதினைந்தில் ஒரு பங்கு. 1960களில் ஜப்பானிய வானொலிக்கென்று டெனன் கம்பனியார் செய்த சுருள்வகை ஊசித்தலையாகிய டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ற்று. காந்த வகைக்கு நூறு மடங்கு பெருக்கினால் போதும், இதற்கு ஆயிரம்.

இனி ஊசிக்கும் பெருக்கிக்கும் பொருத்தம். பொருத்தமாவது ஒத்திருத்தலே என்பது பூர்வபக்கம்: 40 ஓம் தடையுள்ள அந்தச் சுருளுக்குப் பெருக்கியின் பக்கத்திலும் 40 ஓம் சுமையே தக்க துணையாம். (ஓம் என்னும் சொல் எங்களூரில் சம்மதத்தையும் குறிப்பதால், இத்தகைய சம்பந்தங்கள் வெகு இலேசாகப் பேசி முடிந்துவிடுகின்றன.) அப்படிக் கட்டிவைத்தால் 0.3 இல் பாதி சுருளுக்குள்ளேயே தேய்ந்துபோய், வெளியே வருவது 0.15. தாய்வழியாக வரும் குடி இரு பக்கத்தாருக்கும் ஒன்றாயிருந்தால், மாப்பிள்ளை எத்துணைச் சொத்துக்காரனாயினும் மட்டக்களப்புத் தேசத்தார் கலியாணப் பேச்சையே எடுப்பதில்லை அல்லவா? சுமையானது மூலத்தின் தடையைப்போலப் பத்து மடங்காவது இருத்தல் வேண்டுமென்று ஒலிக்கருவி வல்லோர் விதிப்பது, இந்தக் குடிவிலக்கின் மின்சாரப் பாடபேதமே என்க.

ஆயிரம் மடங்குப் பெருக்கி வாங்க வகையற்றோர் மின்மாற்றி என்னும் தரகரை நாடுவர். 1க்கு 10 என்னும் தரகர் அழுத்தத்தைப் பத்தாக்குவார்; ஆயினும் தரகருக்குரிய இயல்பின்படி, எதிரேயிருக்கும் பெருக்கியின் 47,000 ஓமை நூறால் வகுத்து 470 என்றே ஊசிக்குக் காட்டுவார். 470 நாற்பதின் பத்து மடங்குக்கு மேல், குடி வேறு, முகூர்த்தம் வைக்கலாம். பேராசையால் 34 மடங்குத் தரகரை அமர்த்தினாலோ ஊசிக்குத் தெரிவது ஏறக்குறைய 40 ஓம். பழைய குற்றமே வேறு வேடத்தில்.

இவ்வளவு சாத்திரமும் பார்த்து ஒரு நிலவிரவில் எல்லாவற்றையும் இணைத்து ஊசியை இறக்கினேன். நாதசுரத்துக்கு அடியில் நீண்ட முனகலொன்று கேட்டது. வேலிக்கு அப்பால் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து வந்து செவிசாய்த்தார்.

"என்ன தம்பி, மீன் இஞ்சயும் வந்திட்டா?"

நிலத்தொடுப்புக் கம்பியை நான் பூட்ட மறந்திருந்தேன். பூட்டியதும் முனகல் அற்றுப்போயிற்று. நாதசுரம் தெளிவாய் எழுந்தது. அவர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, அந்தக் கம்பியை மறுபடியும் கழற்ற இயலுமா என்று கேட்டார்.